கேம்பர் வேன்: முதலில் கட்டில், பிறகுதான் வண்டி

சரக்கு வேனை, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்றும் உள்வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி எடைமேடையிலும் ஏற்றிப் பார்த்தாயிற்று. வண்டி ஆறு மீட்டர் நீள ஃபியட் டுக்காட்டோ, நடுத்தர உயரக் கூரை. பின்னால் நீளவாக்கில் இரண்டு தனிக் கட்டில்கள், ஸ்லைடிங் கதவை ஒட்டிச் சமையல் மேடை, எதிர்ப்பக்கம் ஓர் உயர அலமாரியும் ஒரு பெஞ்சும். குளியலறை கிடையாது. தேடத் தொடங்கியபோது எங்கள் மனதில் இருந்தது வேறு: பின்கதவுகளை விரியத் திறந்தால் வெளி முழுக்கத் தெரியும்படி 'ப' வடிவ சோஃபா, அதற்கு முன்னால் சமையலிடம், கூடவே சின்னக் குளியலறை. அந்த ஆசையிலிருந்து இந்த அமைப்புக்கு எப்படி வந்தோம் என்பதை அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

பயணம் செய்வது நாங்கள் இருவர் மட்டும். என் உயரம் 162 செ.மீ., கணவர் 181. எஞ்சின், பிராண்டு, ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு எண்கள்தான் வண்டியைத் தேர்ந்தெடுத்தன.

டேப்பை எடுத்துக்கொண்டு போனது

பட்டியலில் இருந்தவை மூன்று: டுக்காட்டோ, மெர்சிடீஸ் ஸ்ப்ரின்டர், ஃபோர்டு டிரான்சிட். டுக்காட்டோவின் உடல்தான் பெஜோ பாக்ஸர், சிட்ரோயென் ஜம்பர் என்ற பெயர்களிலும், வட அமெரிக்காவில் ராம் ப்ரோமாஸ்டர் என்ற பெயரிலும் ஓடுகிறது. 2006-இல் வந்த அந்த உடலமைப்பு பெரிய மாற்றமில்லாமல் தொடர்வதால், பழைய வண்டி பார்ப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் அளவுகள் பொருந்தும்.

விற்பனைத் தாளில் வெளிநீளம் பெரிய எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது உள் அகலம், அதுவும் படுக்கும் மட்டத்தில். டுக்காட்டோவின் சரக்குப் பகுதி அதிகபட்சம் 187 செ.மீ. அகலம். மற்ற இரண்டிலும் 178 சொச்சம். இது தகட்டிலிருந்து தகடு வரையிலான கணக்கு. இன்சுலேஷன், மரச்சட்டம், மேல் பலகை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 4 செ.மீ. போனால் டுக்காட்டோவில் மிச்சம் 179, மற்றவற்றில் 170. ஸ்ப்ரின்டரின் பக்கச்சுவர் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்வது வேறு. டுக்காட்டோவின் சுவர் கிட்டத்தட்டச் செங்குத்து. அலமாரி அடிக்கும்போது இந்த வித்தியாசம் கைக்குத் தெரிகிறது: மூலைமட்டம் பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போகும், ஒவ்வொரு பலகைக்கும் அட்டையில் வளைவு வரைந்து வெட்டுகிற வேலை குறையும்.

உயரத்துக்கு வருவோம். டுக்காட்டோவில் மூன்று கூரைகள் உண்டு. உள்ளுயரம் எச்1-இல் 166, எச்2-இல் 193, எச்3-இல் 217 செ.மீ. எச்3-ஐப் பார்த்ததும் ஆசை வந்தது உண்மை. ஆனால் அதன் வெளியுயரம் 276 செ.மீ. அதன் மேல் மின்விசிறியும் சோலார் பேனலும் ஏறினால் மூன்று மீட்டரை நெருங்கும். பக்கக்காற்றில் அதிகம் ஆடும், குளிரில் சூடாக்க வேண்டிய காற்றும் அதிகம். எச்2-க்குக் கணக்குப் போட்டோம். தரையில் 20 மி.மீ. கெட்டி நுரைப்பலகை, 12 மி.மீ. ப்ளைவுட், 2 மி.மீ. வினைல் விரிப்பு, ஆக 34. கூரையில் நுரையும் மெல்லிய பலகையும் சேர்ந்து 35. மிச்சம் 186 செ.மீ. சொச்சம். 181-க்கு அது போதும்.

இன்னொரு பெரிய வேறுபாடு எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறது என்பது. டுக்காட்டோ முன்சக்கர இழுவை. தரைக்கடியில் பின்னச்சுக்குச் சுழல்தண்டு போக வேண்டியதில்லை, அதனால் சரக்குத் தரை நிலத்திலிருந்து 53 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. பின்சக்கர இழுவை ஸ்ப்ரின்டரில் ஏறக்குறைய ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவோம் என்று நினைத்துப் பாருங்கள். பதிலுக்கு, பாரத்தோடு மேட்டில் ஏறும்போது பின்சக்கர இழுவைக்குப் பிடிப்பு அதிகம், நான்கு சக்கர இழுவையும் கிடைக்கும். சேற்றுப் பாதையில் அடிக்கடி போகிறவர்கள் ஸ்ப்ரின்டரைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் அப்படிப் போகிறவர்கள் இல்லை.

இதோடு வண்டி தேடுவதை நிறுத்திவிட்டு, உள்ளமைப்பைத் தரையில் வரைய ஆரம்பித்தோம்.

தரையில் ஒரு வேன்

வீட்டுக் கூடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி 365-க்கு 179 செ.மீ. செவ்வகம் போட்டோம். டுக்காட்டோவின் நீள வகைகளில் ஆறு மீட்டர் உள்ளது எல்3. அதில் சரக்குப் பகுதி 370 செ.மீ. இருக்கும். பின்கதவு உள்பக்க வேலைக்கு 5 கழித்தோம். முன்னால் இரண்டு நாற்காலிகள், சுழலும் கேபின் இருக்கைகளுக்குப் பதிலாக. அட்டைப்பெட்டிகளை ஒட்டிச் சமையல் மேடை 88 செ.மீ. உயரத்தில், பெஞ்சு 45-இல். கூரைக்கு 186 செ.மீ. உயரத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். ஸ்லைடிங் கதவின் வாயில் 125 செ.மீ. அதைச் சிவப்பு டேப்பில் குறித்தோம். பின்சக்கரங்களின் மேல் வளைவு உள்ளே துருத்துமே, அந்த வீல் ஆர்ச்சுகளுக்கும் இரண்டு பெட்டிகள். அவற்றுக்கு நடுவே 142 செ.மீ. இடைவெளி.

செலவு டேப்புக்கு மட்டும்தான். கணினியில் முப்பரிமாணப் படமும் வரைந்து பார்த்தோம், அழகாக இருந்தது. ஆனால் இடுப்பு எங்கே இடிக்கும் என்று படம் சொல்வதில்லை.

ஒவ்வோர் அமைப்பிலும் ஒரே வேலைகளைச் செய்து பார்த்தோம். இருவரும் ஒரே நேரத்தில் உடை மாற்றுவது. ஒருவர் அடுப்பில் நிற்கும்போது மற்றவர் பின்னாலிருந்து வெளியே போவது. நனைந்த கோட்டோடு உள்ளே வந்து அதை எங்கே தொங்கவிடுவது என்று தேடுவது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறை வரை போவது. அப்புறம், மழை பெய்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க அந்தச் செவ்வகத்தை விட்டு இருவரும் வெளியே வராமல் இருப்பது. கடைசிச் சோதனைதான் பெரும்பாலான அமைப்புகளைக் கழித்துக்கட்டியது.

நான்கு அமைப்புகள்

ஆசைப்பட்ட பின்பக்க சோஃபாவிலிருந்து தொடங்கினோம். பகலில் இதற்கு நிகரான அமைப்பு இல்லை. இருவரும் கால் நீட்டி எதிரெதிரே உட்காரலாம். இரவானதும் மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளை வரிசை மாற்றி அடுக்கி, இடுக்குகளை மூடி, மேலே விரிப்பு போட வேண்டும். காலையில் எல்லாம் தலைகீழாக. முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒருவர் தூங்க நினைக்கும்போது மற்றவர் படிக்க நினைத்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சோஃபா இருக்கும்வரை கட்டில் இல்லை, கட்டில் வந்துவிட்டால் உட்கார இடமில்லை. தினமும் படுக்கை விரிப்பதை வேலையாக நினைக்காதவர்களுக்கு இது நல்ல அமைப்பு. எங்கள் இருவரில் அப்படி யாரும் இல்லை.

அடுத்தது, கேம்பர் வேன்களில் மிகப் பரவலாகக் காணும் அமைப்பு: பின்னால் குறுக்குவாக்கில் நிரந்தரக் கட்டில், நடுவில் சமையல் மேடையும் குளியலறையும், முன்னால் சுழலும் இருக்கைகளோடு மேசை. நீளத்தை மிச்சப்படுத்துவதில் இதை மிஞ்ச முடியாது. 135 செ.மீ. நீளத்துக்குள் இருவர் படுத்துவிடலாம். 541 செ.மீ. நீள எல்2 வேனில்கூட முழு வீட்டையும் அடக்க முடிவது இதனால்தான். கட்டிலுக்கு அடியில் பெரிய சாமான் அறையும் கிடைக்கிறது.

பிரச்சினை அந்த 179. கணவர் 181. படுத்தால் தலையும் பாதமும் சுவரில் முட்டும், மூலைவாட்டில் படுத்தால் என் இடம் போய்விடும். பக்கச்சுவர்த் தகட்டை வெட்டி வெளியே புடைக்கும் ஃபைபர் கூடுகளைப் பொருத்தினால் ஒவ்வொரு பக்கமும் சில செ.மீ. கூடும் என்கிறார்கள். செய்யக்கூடிய வேலைதான். நல்ல உடலை வெட்டி, சீலன்ட் நம்பி ஓட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சங்கடமும் அட்டைக்கட்டிலில் தெரிந்தது: உள்ளே படுப்பவர் இரவில் எழுந்தால் வெளியே படுப்பவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுகிறவள் நான். தாண்டப்படுகிறவருக்கும் தூக்கம் போகிறது.

சைக்கிளைக் கட்டிலுக்கு அடியில் நிறுத்தும் யோசனையும் இங்கேதான் அடிபட்டது. அதற்குக் கட்டில் தளம் ஒரு மீட்டருக்கு மேல் போக வேண்டும். 105-இல் தளம், 12 செ.மீ. மெத்தை, கூரை 186. மிச்சம் 69 செ.மீ. கணவர் நிமிர்ந்து உட்காரத் தலையுச்சி வரை 94 செ.மீ. வேண்டும், நாற்காலியில் உட்காரவைத்து அளந்தேன். எனக்கு 85. ஆக, படுக்கையில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்கக்கூட முடியாது. சைக்கிள் ஆசையை விட்டோம்.

சமையலறையைப் பின்கதவில் வைத்து, கட்டிலை நடுவில் போடும் அமைப்பும் உண்டு. வெளியே நின்று சமைக்கப் பிடித்தவர்கள் விரும்புவார்கள். மழைக்குச் சரிப்படாது என்று ஒரே மாலையில் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

நான்காவது நீளவாக்கில் இரட்டைக் கட்டில். இருவருக்கும் நடுவே நடைபாதை, யாரும் யாரையும் தாண்ட வேண்டாம், உயரமானவர் கால் நீட்டலாம். ஆயத்தமாகக் கிடைக்கும் வேன்களில் இந்த அமைப்பு பெரும்பாலும் 636 செ.மீ. நீளமுள்ள எல்4-இல்தான் வருகிறது. காரணம் எளிது. குறுக்குக் கட்டில் 135 எடுத்தால் இது 190 எடுக்கும்.

எல்4 வாங்கிவிடலாமா என்று யோசித்தோம். அப்போது அளவுத்தாளில் ஒன்று கண்ணில் பட்டது. எல்3, எல்4 இரண்டுக்கும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றுதான், 403.5 செ.மீ. கூடுதலாக வரும் 36.5 செ.மீ. முழுவதும் பின்னச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. அங்கே வைக்கும் பாரம் பின்னச்சைத் தன் எடைக்கு மேல் அழுத்தி, முன்னச்சைத் தூக்கும். இழுப்பது முன்சக்கரம் என்பதால் ஈரப்புல்லில் இது நல்லதல்ல. செங்குத்தான சரிவுப்பாதையில் ஏறும்போது பின்பக்கம் தரையில் உரசும் வாய்ப்பும் கூடும். எல்4 ஓட்டி மகிழ்ச்சியாக இருப்பவர்கள் நிறைய. நிறுத்த இடம் தேடும் கவலையையும் சேர்த்துப் பார்த்து நாங்கள் எல்3-லேயே நின்றோம்.

கட்டிலைக் கோணலாக்கியது

முடிச்சு அவிழ்ந்த இடம் இதுதான். இரண்டு கட்டில்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கணவருடையது 195-க்கு 75. என்னுடையது 180-க்கு 65. அகலத்தில் 140 போக, நடுப்பாதை 39 செ.மீ. நீளத்தில் என் பக்கம் 15 செ.மீ. மிச்சம், அது சமையல் மேடைக்குப் போனது.

கதவுப் பக்கம்: கட்டில் 180, சமையல் மேடை 105, மீதி 80 திறந்தவெளி. மேடை கதவு வாயிலுக்குள் நீண்டு, ஏறி இறங்க 55 செ.மீ. விடுகிறது. எதிர்ப்பக்கம்: கட்டில் 195, உயர அலமாரி 60, பெஞ்சு 110. முதலில் அலமாரியைக் கேபினை ஒட்டி வைத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் மூச்சுமுட்டுகிற மாதிரி இருந்தது, முன்கண்ணாடியின் வெளிச்சம் முழுவதையும் அது தின்றுவிட்டது. கட்டிலோரம் தள்ளிப் பெஞ்சை முன்னால் கொண்டுவந்ததும் இடமே பெரிதான மாதிரி ஆயிற்று. ஒரு சதுர செ.மீ. கூடவில்லை.

குளியலறையை நீக்கியது அதிகம் விவாதித்த முடிவு. 80-க்கு 80 செ.மீ. அறை என்றால் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. நாளில் சில நிமிடங்கள் பயன்படும். மற்ற நேரமெல்லாம் நடு வண்டியில் ஒரு சுவராக நிற்கும். பதிலாகப் பெஞ்சுக்குள் ஒரு பாதியில் கையடக்கக் கழிப்பறைப் பெட்டி, மறுபாதியில் 70 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. குளியலுக்குப் பின்கதவில் ஒரு ஷவர் குழாயும் திரையும். நீண்ட குளிர்காலப் பயணம் போகிறவர்களுக்கு இது போதாது, அறை வேண்டும் என்றே சொல்வேன்.

இருவர் மட்டும் என்பதால் பின்னால் சீட்பெல்ட் இருக்கை வைக்கவில்லை. மூன்றாவது ஆள் உண்டென்றால் கணக்கே வேறு. ஓடும் வண்டியில் ஆள் உட்கார, சேஸிஸோடு பிணைத்த, சோதித்துச் சான்று பெற்ற இருக்கை வேண்டும். ப்ளைவுட் பெட்டியில் பெல்ட்டைத் திருகிவைப்பது இருக்கை ஆகாது. அந்தச் சட்டகத்தின் இடமும் எடையும் முதலிலேயே கணக்கில் வர வேண்டும்.

வண்டி வாங்குமுன் வாடகைக்கு இரண்டு வேன்கள் எடுத்து ஓட்டினோம், ஒன்று குறுக்குக் கட்டில், ஒன்று இரட்டைக் கட்டில். அட்டை சொல்லாத ஒன்றை அவை சொல்லின: சரிவு. வண்டி மூக்கு மேலேயோ கீழேயோ நின்றால் நீளவாக்கில் படுப்பவர் தலையணையை மறுமுனைக்கு மாற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் உருண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான், சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைக்கும்வரை. குறுக்குக் கட்டிலில் இது அப்படியே மாறிவரும். இப்போது டேஷ்போர்டில் சின்ன ரசமட்டம் ஒட்டியிருக்கிறேன், நிறுத்தும்போதே பார்த்துவிடலாம்.

வண்டியும் எடையும்

மரம் தொடுமுன் எடைத்தாள் எழுதினோம். எங்கள் வேனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. பல ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எல்லையும் அதுவே. காலி வேன் சுமார் 2,000. மிச்சம் நிறைய இருப்பது போலத் தோன்றும். அது ப்ளைவுட் வாங்கும்வரைதான். 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் முழுத்தாள், 244-க்கு 122 செ.மீ., கிட்டத்தட்ட 24 கிலோ. 15 மி.மீ. என்றால் 30. அதே 12 மி.மீ. பாப்லர் மரத்தில் 16 கிலோ அளவு. எங்களுக்கு எட்டுத் தாள் தேவைப்பட்டது. முதலில் நினைத்தபடி 15 மி.மீ. பிர்ச் போட்டிருந்தால் 240 கிலோ, பாப்லரில் 128. ஒன்றரை ஆள் எடை மிச்சம். ஆனால் பாப்லர் மெத்து மரம், திருகு நேராக இறங்கினால் நாளடைவில் தளர்ந்துவிடும். பாரம் தாங்கும் இணைப்புகளில் எல்லாம் மரத்துக்குள் உலோக நட்டு புதைத்து போல்ட் போட்டோம்.

பேட்டரிக்கும் இதே யோசனை. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி 27 கிலோவுக்குக் குறையாது, அதிலும் பாதியைத்தான் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதே கொள்ளளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் 12 கிலோ அளவில் வருகிறது. ஒரே குறை, உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் வெளிப்புறப் பெட்டியில் வைக்காமல் பெஞ்சுக்குப் பக்கத்தில், உள்ளே வைத்தோம். தண்ணீர், பேட்டரி, ஃப்ரிட்ஜ் மூன்றும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் விழுகின்றன. பின்னச்சுக்குப் பின்னால் துணிமணியும் மடக்கு நாற்காலியும் மட்டும்.

எல்லாம் முடிந்து, தொட்டிகள் நிரம்பி, நாங்கள் இருவரும் உட்கார்ந்தபடி எடைமேடையில் 2,840 கிலோ வந்தது. மொத்தத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின்சக்கரத்தை மட்டும் ஒரு முறை பாருங்கள். ஒவ்வோர் அச்சுக்கும் தனி எல்லை உண்டு.

வண்டி பழையதுதான், சரக்கு ஓடியது. வாங்கும்போது சரக்குத் தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் நாங்கள் நிற்கவில்லை. துரு இருப்பது அங்கேயும், கதவு ரப்பருக்கு அடியிலும், வீல் ஆர்ச் மடிப்பிலும், முன்கண்ணாடி ஓரத்திலும்தான். உள்ளிருந்து வெளியே அடிபட்ட சுவர்த்தகடு பார்க்க அசிங்கம், ஆனால் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். அதைக் காட்டி விலை குறைத்துக்கொள்ளலாம்.

கட்டிய வேலை

கருவிகள் அதிகமில்லை. கம்பியில்லா ட்ரில், ஜிக்சா, வழிகாட்டித் தண்டவாளத்தோடு வட்டரம்பம், ரிவெட் நட்டுக் கருவி, மூலைமட்டம், நிறைய அட்டை. ரசமட்டத்தை உள்வேலைக்குப் பயன்படுத்தவில்லை. வண்டியே சரிவில் நிற்கும்போது அது சொல்வதற்கு அர்த்தமில்லை, எல்லா அளவும் தரையிலிருந்துதான்.

கேபின் தடுப்புத் தகட்டைக் கழற்றி, சுவரில் 19 மி.மீ. மூடுகண் நுரை ஒட்டினோம். தூங்கும் இருவரின் மூச்சிலிருந்தே ஒரே இரவில் அரை லிட்டருக்குக் குறையாத ஈரம் வரும். அது குளிர்ந்த தகட்டைத் தொட்டால் நீராகிவிடும். நீளவாக்குக் கட்டிலில் உடலின் ஒரு பக்கம் முழுவதும் சுவரையொட்டி இருப்பதால், விலா எலும்பு போல் ஓடும் இரும்புச் சட்டங்களின் மேலும் மெல்லிய நுரை ஒட்டினோம். இது சலிப்பான வேலை, இரண்டு பேர் வேண்டும், விட்டுவிடலாம் என்று பல முறை தோன்றியது. மெத்தைக்கு அடியில் முழுப்பலகை வேண்டாம். சட்டங்களை 5 செ.மீ. இடைவெளி விட்டு வைத்தோம், அடியில் காற்று போகாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கட்டில் சட்டகம் 30-க்கு 30 மி.மீ. அலுமினியப் பட்டை. தரையில் சரக்கு கட்ட ஏற்கெனவே வைத்திருக்கும் வளையங்களின் திருகுத்துளைகளிலேயே அடியைப் பிணைத்தோம், புதுத் துளை மிகக் குறைவு. தளம் 62-இல், மெத்தையோடு 74. மேலே 112 செ.மீ. கிடைக்கிறது, கணவர் தலை இடிக்காமல் உட்காருகிறார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்தால் நீளும் சட்டங்கள் வைத்தோம், இரண்டும் சேர்ந்து ஒரே படுக்கையாகும்.

மேல் அலமாரிகளைப் பாதம் வரும் முனையில் மட்டும் போட்டோம், 28 செ.மீ. ஆழம். தலைப்பக்கம் வைத்தால் தினமும் நெற்றி அடி வாங்கும். கதவுகள் எல்லாவற்றுக்கும் அழுத்திப் பூட்டும் கைப்பிடி. காந்தப் பூட்டு முதல் வளைவிலேயே தோற்றுவிடும். பலகையும் அலுமினியமும் தொடும் இடங்களில் ஃபெல்ட் பட்டை ஒட்டியதில் கிறீச்சொலி பெரும்பாலும் போனது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரெசர் வகை, அலமாரியில் இடுப்புயரத்தில். குனிய வேண்டாம், வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் அது ஓடும்.

சன்னலைக் கடைசிக்கு விட்டோம். தகட்டை வெட்டுவது திரும்பப் பெற முடியாத வேலை. மரவேலை முழுக்க நின்ற பிறகு கட்டிலில் படுத்துப் பார்த்து, கண் எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்து, அப்புறம்தான் ஜிக்சா. வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை. கூரையில் விசிறிக்கு 40-க்கு 40 செ.மீ. துளை. அதையும் சோலார் பேனல்களையும் ஒரே தாளில் வரைந்துகொண்டால், விசிறி மூடி திறக்கும்போது பேனலில் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சமையலுக்குக் கேஸ். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியை உள்பக்கம் காற்றுப் புகாமல் அடைத்து, அடித்தரையில் வெளியே திறக்கும் துளை விட்டோம். குழாய் இணைப்பைத் தெரிந்தவரிடம் விட்டோம். கட்டில் மட்டத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம்.

செலவில் பாதிக்கு மேல் வேனுக்கே போயிற்று. மீதியில் பேட்டரி, சார்ஜர், ஃப்ரிட்ஜ், வயர் சேர்ந்த பங்குதான் பெரியது. அடுத்தது சன்னலும் விசிறியும் சூடாக்கியும். மரம் நினைத்ததைவிடக் குறைவு. நேரக் கணக்கு இதற்கு நேரெதிர்: மரவேலைதான் வார இறுதிகளைத் தின்றது.

இனி மாற்றப்போவது

39 செ.மீ. நடுப்பாதை நேராக நடக்கப் போதும், திரும்ப ஒருபக்கம் ஒதுங்க வேண்டியிருக்கிறது. என் கட்டிலை நடுவிலிருந்து பாதம் வரை குறுக்கி, கால்பக்கம் 50 ஆக்கலாம் என்று இருக்கிறேன், அங்கே யாருக்கும் 65 தேவையில்லை. கேபின் தரை பின்தரையைவிட உயரம், சுழலும் தட்டு இருக்கையை இன்னும் தூக்கிவிடுகிறது. அதனால் திருப்பி உட்கார்ந்தால் என் கால் அந்தரத்தில். காலடிக்கு ஒரு மிதிப்பெட்டி அடித்தாக வேண்டும், அதற்குள் சரிவு ஆப்புகளை வைக்கலாம். சமையல் மேடையில் காய் நறுக்க இடமில்லை, கதவு வாயிலை நோக்கி மடக்குப் பலகை ஒன்று வரும். மின்புள்ளிகளில் ஒன்றைக் கணவரின் தலையணைக்குப் பின்னால் வைத்துவிட்டோம், மெத்தையைத் தூக்காமல் செருகவே முடியாது. அதைச் சுவரில் 20 செ.மீ. மேலே ஏற்ற வேண்டும், பலகையைக் கழற்றாமல் வயர் இழுக்க வழி இருக்கிறதா என்று இந்த வாரம் பார்க்கிறேன்.